சாய்ந்து உட்கார யாருக்கு அனுமதி?

எல்லோருக்கும் வணக்கம். இந்த வாசகர் வட்டத்தில் வழக்கமாக நூல்களைப் பற்றித்தான் பேசுவோம். ஒரு வீட்டுச் சாமானைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டதும் சரி என்றீர்களே, அதற்கு முதலில் நன்றி. சோபா. நம் வீட்டு ஹாலில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறதே, அதேதான்.

சோபாவின் வரலாறு என்று தேடிப் படித்தால் மரம், துணி, ஸ்பிரிங், எந்த ராஜா காலத்துப் பாணி என்றுதான் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். அதுவும் வேண்டியதுதான், கொஞ்சம் சொல்கிறேன். ஆனால் படிக்கப் படிக்க என்னை விடாமல் பிடித்துக்கொண்டது வேறு ஒரு கேள்வி. நாலு பேர் முன்னால் உடம்பைத் தளர்த்திச் சாய்வதற்கு எந்தக் காலத்தில் யாருக்கு அனுமதி இருந்தது, யாருக்கு இல்லை?

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு கல் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. இன்றைய ஈராக்கில், மோசுல் பக்கத்தில் இருந்த நினிவே அரண்மனையில் கி.மு. 645 வாக்கில் செதுக்கியது. அசிரியப் பேரரசன் அசுர்பனிபால் திராட்சைக் கொடிக்குக் கீழே உயரமான ஒரு சாய்வுக் கட்டிலில் இடது முழங்கையை ஊன்றிச் சாய்ந்துகொண்டு, கிண்ணத்தைக் கையில் பிடித்திருக்கிறான், கால்மேல் போர்வை வேறு. ராணி லிப்பாலி ஷர்ரத் அவனுக்கு எதிரே முதுகு நிமிர்ந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். விசிறி பிடிப்பவர்களும் வாத்தியம் வாசிப்பவர்களும் நிற்கிறார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தில் மனிதத் தலை ஒன்று தொங்குகிறது. அது போரில் தோற்ற ஏலாம் நாட்டு மன்னன் தெயும்மானுடைய தலை. சாய்ந்தபடி விருந்து உண்ணும் காட்சிகளில் நமக்குத் தெரிந்த மிகப் பழையவற்றில் இதுவும் ஒன்று. ராஜா சாய்கிறான், ராணி உட்காருகிறாள், வேலைக்காரர்கள் நிற்கிறார்கள், எதிரி தொங்குகிறான். அந்தச் சிற்பத்தில் கட்டிலின் வேலைப்பாட்டைப் பாராட்டி எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த நாலு நிலைகளும்தான் கண்ணில் படுகின்றன.

கிழக்கே இருந்து இந்தப் பழக்கம் கிரேக்கர்களிடம் போனது. அவர்கள் வீட்டில் ஆண்களுக்கென்று தனி அறை, அதன் சுவரை ஒட்டி வரிசையாகச் சாய்வுக் கட்டில்கள், சாய்ந்துகொண்டு குடிப்பதும் பேசுவதும் பாடுவதுமாக ராத்திரி முழுக்கப் போகும். தத்துவமெல்லாம் பிறந்தது என்று நாம் கொண்டாடுகிற அந்த அறைக்குள் வீட்டு மனைவிக்கு இடம் கிடையாது, குழல் ஊத வந்த பெண்களும் கணிகைகளும்தான் அங்கே இருந்த பெண்கள். மக்கெதோனியாவில் இன்னும் கடுமையான ஒரு வழக்கம் இருந்ததாக ஒரு பழைய குறிப்பு சொல்கிறது. வலை விரிக்காமல் காட்டுப்பன்றியை ஈட்டியால் குத்திக் கொன்றவன்தான் விருந்தில் சாயலாம். அலெக்சாந்தருக்குப் பின் அந்த நாட்டையே ஆண்ட காசாண்டர், 35 வயது ஆகியும் பன்றியைக் கொல்லாததால் அப்பா பக்கத்தில் சின்னப் பிள்ளை போல உட்கார்ந்துதான் சாப்பிட்டானாம். இத்தனைக்கும் அவன் நல்ல வேட்டைக்காரன், பன்றி மட்டும் அமையவில்லை.

ரோமானியர்கள் இதை ஒரு கணக்காகவே ஆக்கிவிட்டார்கள். சாப்பாட்டு அறையில் மூன்று கட்டில், கட்டிலுக்கு மூன்று பேர், ஆக ஒன்பது பேர். எந்தக் கட்டிலில் எந்த இடம் யாருக்கு என்பது நிர்ணயம். நடுக் கட்டிலின் கடைசி இடம் முக்கிய விருந்தாளிக்கு, அதை ஒட்டி அடுத்த கட்டிலின் முதல் இடம் வீட்டுக்காரருக்கு. பழைய காலத்தில் ஆண்கள் சாய்ந்திருக்க, பெண்கள் உட்கார்ந்துதான் உண்டார்கள், பிற்பாடு அது தளர்ந்தது. மனிதர்கள் விஷயத்தில் தளர்ந்த பிறகும் சாமிகள் விஷயத்தில் தளரவில்லை! ஜூப்பிட்டருக்கு எடுக்கிற விருந்தில் ஜூப்பிட்டருக்குக் கட்டில், ஜூனோவுக்கும் மினெர்வாவுக்கும் நாற்காலி. கும்பிடுகிற தெய்வமே பெண்ணாக இருந்தால் நிமிர்ந்து உட்காரத்தான் வேண்டும் என்று நினைத்த சமூகம் அது. சாய்வது என்றால் சுகம், கவலையற்ற நிலை, ஆதிக்கம் எல்லாம்தான். கி.மு. 48-ல் பார்சலஸ் போரில் ரோமானியத் தளபதி பாம்பி இன்னொரு தளபதியான சீசரிடம் தோற்ற பிறகு, பாம்பி பக்கம் நின்ற அரசியல்வாதி கேட்டோ இனித் தூங்குவதற்குத் தவிரப் படுப்பதில்லை என்று முடிவெடுத்து, சாகும்வரை உட்கார்ந்தே சாப்பிட்டார் என்று பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். தன் குடியரசு வீழ்ந்த துக்கத்தை ஒரு மனிதர் சாயாமல் இருந்து காட்டியிருக்கிறார்.

இதே இத்தாலியில் எட்ருஸ்கர்கள் என்று ஒரு மக்கள் இருந்தார்கள். செர்வெத்ரி என்ற ஊரில் கிடைத்த அவர்களுடைய சுடுமண் சவப்பெட்டி ஒன்று ரோமிலும், அதைப் போன்ற இன்னொன்று பாரிஸிலும் இருக்கின்றன, கி.மு. 520 வாக்கில் செய்தவை. மூடியின் மேல் கணவனும் மனைவியும் ஒரே கட்டிலில் ஒன்றாகச் சாய்ந்திருக்கிறார்கள். அவன் கை அவள் தோளைச் சுற்றி. இருவர் முகத்திலும் சிரிப்பு. கிரேக்க எழுத்தாளர்களுக்கு இந்த எட்ருஸ்கப் பெண்கள் விருந்தில் ஆண்களோடு சமமாகச் சாய்வது பெரிய ஒழுக்கக்கேடாகத் தெரிந்தது, வாய்க்கு வந்தபடி எழுதி வைத்திருக்கிறார்கள். படம் தேடிப் பாருங்கள், அந்த முகங்களைப் பார்த்தால் யார் சரி என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம் யூதர்கள். எகிப்தில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றதை நினைக்கும் பஸ்கா இரவு விருந்தில் இடப்பக்கம் சாய்ந்து உண்ணவேண்டும் என்பது அவர்கள் விதி, இன்றைக்கும் தலையணை வைத்துக்கொண்டு செய்கிறார்கள். அடிமை சாயமுடியாது, சுதந்திர மனிதன்தான் சாய்வான், அதனால். இஸ்ரவேலின் பரம ஏழைகூட அந்த இரவில் சாயாமல் சாப்பிடக் கூடாது என்று அவர்களுடைய பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. அதன் பிறகு வந்த, அதை விளக்கும் நூலான தல்மூதில் இதன்மேல் விவாதம் நடக்கிறது: மனைவி கணவன் பக்கத்தில் சாயவேண்டுமா? வேண்டியதில்லை என்கிறார்கள், மதிப்புமிக்க பெண்ணானால் சாயவேண்டும் என்று சேர்க்கிறார்கள், அங்கே எனக்கு வருத்தம்தான். ஆனால் அடுத்த கேள்வியைக் கவனியுங்கள். பரிமாறுகிற வேலைக்காரன்? அவனும் சாய்ந்துதான் உண்ணவேண்டும் என்று பதில் வருகிறது. நினிவேயில் நின்றுகொண்டிருந்த ஆளை இங்கே உட்காரவைத்து, அதற்கும் மேலே போய்ச் சாயவைத்துவிட்டார்கள்.

நம் பக்கம் இதற்கு ஒரு சாட்சி புறநானூற்றின் 50-ஆம் பாட்டு. பள்ளியில் படித்திருப்பீர்கள். சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் முரசை நீராட்ட எடுத்துப் போயிருந்த நேரம், களைத்து வந்த மோசிகீரனார் அந்த முரசு கட்டிலில், எண்ணெய் நுரையை முகந்து வைத்தது போல மென்மையாக இருந்த பூப்படுக்கையில், தெரியாமல் ஏறித் தூங்கிவிட்டார். முரசு கட்டிலில் மனிதர் படுப்பது வாளால் வெட்டத்தக்க குற்றம். அரசன் வெட்டவில்லை, அருகே வந்து விசிறி எடுத்து வீசினான். பள்ளியில் இதைத் தமிழ்ப் பற்றுக்கு உதாரணமாகச் சொல்லிக்கொடுத்தார்கள், அது சரியே. நான் இன்னொன்றையும் பார்க்கிறேன். அசுர்பனிபால் சாய்ந்திருக்க வேலையாள் விசிறுகிறான், இங்கே உழைத்துக் களைத்தவன் சாய்ந்திருக்க அரசன் விசிறுகிறான்.

ஐரோப்பாவின் இடைக்காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். பெஞ்சு, மரப்பெட்டி, அவ்வளவுதான், சாய்ந்து உண்ணும் பழக்கம் போய்விட்டது. 17-ஆம் நூற்றாண்டில் பதினான்காம் லூயியின் வெர்சாய் அரண்மனையில் கை வைத்த நாற்காலி யாருக்கு, முதுகு மட்டும் உள்ளது யாருக்கு, முதுகும் இல்லாத முக்காலி யாருக்கு என்று சண்டை நடந்தது. ராணி முன்னால் அந்த முக்காலியில் உட்காரும் உரிமைக்காக டச்சஸ் பட்டத்துக்கு ஏங்கினார்கள், மற்றவர்கள் மணிக்கணக்கில் நின்றார்கள். நாம் சோபா என்று சொல்கிற, மெத்தை வைத்துத் துணி இழுத்துக் கட்டிய, இரண்டு மூன்று பேர் சேர்ந்து சாயக்கூடிய இருக்கை பிரான்சில் பரவியது இதே காலத்தின் கடைசியில்தான். ஒருவருக்கு ஒரு நாற்காலி என்றால் யார் உயர்வு என்று அளக்கலாம். ஒரே இருக்கையில் பக்கத்துப் பக்கத்தில் சாய்ந்தால் அளப்பது கஷ்டம். சோபா செய்த பெரிய காரியம் இதுதான் என்பது என் கருத்து.

உள்ளே என்ன இருந்தது? குதிரை மயிர். சுருட்டி வேகவைத்து எடுத்த குதிரை மயிர் அமுக்கினால் அமுங்கி, விட்டால் எழும்பும், அது இடம் மாறாமல் இருக்கத்தான் அங்கங்கே ஊசியால் இழுத்துப் பொத்தான் வைத்தார்கள். இன்றைக்கு அழகுக்கு வைக்கிற பொத்தான் அன்றைக்கு அவசியமாக இருந்தது. 1822-ல் வியன்னாவில், அப்புறம் 1828-ல் இங்கிலாந்தில், இரும்புச் சுருள் ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார்கள். 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழு பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகையைக் கண்டுபிடித்து, அதிலிருந்து ஃபோம் வந்து, சோபாவின் விலை சாதாரண வீட்டுக்கு இறங்கியது.

மனநோயாளிகளைப் பேசவைத்தே வைத்தியம் பார்த்த டாக்டர் பிராய்டின் சோபாவைச் சொல்லாமல் போனால் கேட்பீர்கள். 1890 வாக்கில் நோயாளி ஒருவர் நன்றியோடு கொடுத்தது, 1938-ல் அவரோடு வியன்னாவை விட்டு லண்டன் போனது, பாரசீகக் கம்பளம் விரித்தபடி இப்போதும் அங்கே இருக்கிறது. அதில் நோயாளி சாய்வார், பிராய்டு தலைமாட்டில், கண்ணுக்குப் படாமல் உட்காருவார். நாள் பூராவும் யாரோ தன்னை முறைத்துப் பார்ப்பதைத் தாங்கமுடியாது என்று அவரே எழுதியிருக்கிறார். இங்கே சாய்கிறவரிடம் அதிகாரம் இல்லை, பார்க்கிறவரிடம்தான் இருக்கிறது. ஆனாலும் அதற்கு முன் எத்தனையோ பெண்கள் சொல்ல இடமில்லாமல் வைத்திருந்ததைச் சொன்ன இடம் அது.

சரி, நம் வீடு. திண்ணையும் சாய்வதற்குத்தான் கட்டினார்கள், தலை வைக்கச் சரிவாகச் செங்கல் வைத்துப் பூசிய திண்ணைகள் இன்னும் ஊர்களில் இருக்கின்றன. வழிப்போக்கருக்கு இடம் கொடுத்த திண்ணை என்று பெருமையாகச் சொல்கிறோம், எந்தச் சாதி வழிப்போக்கருக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். தாழ்வாரத்து ஈசி சேர் வீட்டுப் பெரியவருக்கு, ஆண் பெரியவருக்கு. பிறகு சோபா செட் வந்தது, கட்டில், பீரோவோடு அதுவும் சீர்வரிசைப் பட்டியலில் ஏறிக்கொண்டது. பெண் வீட்டார் கடன் வாங்கிச் செய்த சோபாவில் மாமனார் உட்கார்ந்திருந்தால் மருமகள் உட்காரக் கூடாது, விருந்தாளி வந்தால் காபியோடு நிற்கவேண்டும். வீட்டு வேலை செய்யும் அக்கா சீரியல் பார்க்கலாம், தரையில் உட்கார்ந்து. எந்த வீட்டிலும் இதை எழுதி ஒட்டவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

வீட்டுக்குள் இருப்பதுதான் வெளியிலும். 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவர், பட்டியல் சாதிப் பெண், கூட்டத்தில் தரையில் உட்கார, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் நாடு முழுக்கப் பரவியது. வழக்குப் பதிவாகிக் கைதும் நடந்தது. ஒரு நாற்காலிக்கு.

கடைசியாக, சோபா விற்கிற பெண்ணைப் பற்றி. துணிக்கடை, பாத்திரக்கடை, பர்னிச்சர் கடை எதுவானாலும் விற்பனையில் நிற்கிறவர்கள் பத்து, பன்னிரண்டு மணி நேரம் நின்றார்கள், சாய்ந்தால் அபராதம், கால் வீங்கும், நரம்பு புடைக்கும். கோழிக்கோட்டில் விஜி என்ற தையல்காரர் முன்னின்று, 'பெண்கூட்டு' என்ற அமைப்பில் கடைப் பெண்கள் சேர்ந்து, கழிப்பறைக்கும் உட்காருவதற்கும் வருஷக்கணக்கில் போராடினார்கள், 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் 1947-ஆம் வருடத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியருக்கும் இருக்கை போடவேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பதுதான் அது சொல்வது.

தீபாவளித் தள்ளுபடிக்குப் பர்னிச்சர் கடைக்குப் போவீர்கள். வரிசையாக நாற்பது சோபா கிடக்கும், உங்களுக்குக் காட்டுகிற பெண் அதில் எதிலும் உட்காரமாட்டார். அவருக்கென்று ஒரு ஸ்டூலாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவரைக் கேட்காதீர்கள், அவருக்குத்தான் பிரச்சினை வரும். மேனேஜரிடம் போய், வாங்குகிறவர் என்ற முறையில், சட்டத்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். நன்றி. இனி நீங்கள் பேசுங்கள், கேட்கிறேன்.