படப்பிடிப்பு நாளிலேயே முடிந்துவிடும் கிராபிக்ஸ்

குறும்பட நண்பர்களுக்கு வணக்கம்.

எந்த மென்பொருளைக் கற்பது என்ற கேள்வியோடுதான் உங்களில் பலர் வந்திருப்பீர்கள். அதற்கு உடனே விடை சொல்லிவிடுகிறேன். முப்பரிமாண வேலைக்கு பிளெண்டர், ஷாட்டுகளை ஒன்றோடொன்று இணைக்க டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே இருக்கும் ஃபியூஷன். இரண்டுக்கும் காசு தேவையில்லை. நான் பேச வந்தது கணினியின் முன் உட்காருவதற்கு முந்தைய நாளைப் பற்றி. கையில் பணமில்லாதவருடைய கிராபிக்ஸ், பாதிக்கு மேல் படப்பிடிப்புத் தளத்திலேயே முடிந்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

உருகுவே நாட்டின் ஃபெதே அல்வாரெஸ், ராட்சத ரோபோக்கள் மொந்தெவிதேயோ நகரத்தைத் தாக்குவதாக ஐந்து நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்து 2009 நவம்பரில் யூடியூபில் வெளியிட்டார். அதற்கு ஆன செலவு ஏறத்தாழ 300 டாலர் என்று சொல்லப்பட்டது. ஹாலிவுட் அவரை அழைத்துக்கொண்டது. அந்த 300 டாலரில் அவருடைய சொந்த உழைப்புக்கான கூலி சேர்ந்திருக்க வழியில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை: அவருடைய ரோபோக்கள் முதலில் மூடுபனிக்குள்ளிருந்துதான் வெளிப்படுகின்றன. பனியோ புகையோ இருந்தால் உருவத்தின் நுணுக்கம் பாதி மறைந்துவிடும். தொலைவில் இருக்கும் எதுவும் முழுக் கருப்பாகத் தெரியாது என்ற இயற்கை விதியும் தானாகவே கைகொடுக்கும். கடற்கரையில் நின்று தொலைவிலுள்ள கப்பலைப் பாருங்கள். அதன் கருப்பு, உங்கள் பக்கத்தில் நிற்பவரின் தலைமுடிக் கருப்பாக இருக்கவே இருக்காது. நம் படங்களில் கணினியில் செய்து ஒட்டிய பொருள் ஒட்டியதாகவே தெரிவதற்கு, இந்தக் கருப்பைச் சரிசெய்யாமல் விடுவதுதான் பெரும்பாலும் காரணம்.

இனி மிக எளிய வித்தையான மாஸ்க் ஷாட்டுக்கு வருகிறேன். ஒரே நடிகரை இடப்புறம் ஒருமுறையும் வலப்புறம் ஒருமுறையும் எடுத்து, நடுவில் வெட்டி இணைத்தால் இரட்டை வேடம். நானும் நண்பர்களும் முதன்முறை இதைக் கைப்பேசியில் எடுத்தபோது, டிரைபாட் அசையவில்லை, நடிகர் கோட்டைத் தாண்டவில்லை, ஆனாலும் இணைத்துப் பார்த்தால் சுவர் நடுவே இரு நிறமாகப் பிளந்து நின்றது. நடிகர் இடம் மாறியதும் கைப்பேசி தானாகவே வெளிச்சத்தையும் நிறச் சமநிலையையும் மாற்றிக்கொண்டிருக்கிறது. அவற்றைப் பூட்டிவிட்டு மறுபடியும் எடுத்தோம். இம்முறை மின்விசிறியின் நிழல் இணைப்புக் கோட்டின் மேல் சுழன்று, பாதியில் அறுந்து அறுந்து தெரிந்தது. விசிறியை நிறுத்தி வியர்வையோடு மூன்றாம் முறை எடுத்தபோதுதான் ஷாட் கிடைத்தது. சன்னல் வெயில் நகர்வதற்குள் இரண்டு பாதிகளையும் எடுத்து முடித்துவிட வேண்டும் என்பதையும் அன்றுதான் கற்றோம்.

நடிகருக்குப் பின்னால் கட்டி, பிறகு கணினியில் நீக்கிவிட்டு வேறு பின்னணி வைக்கும் பச்சைத் துணியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பாழாவது அங்கேதான். நம் கைப்பேசிகளும் விலை குறைந்த கேமராக்களும் பெரும்பாலும் 4:2:0 முறையில் பதிவு செய்கின்றன. அதாவது நான்கு படப்புள்ளிகளுக்கு வெளிச்சம் தனித்தனியாகவும், நிறம் நான்குக்கும் சேர்த்து ஒரே ஒரு முறையும் பதிவாகிறது. 1920x1080 அளவில் எடுத்தால் உங்களிடம் உள்ள நிறத் தகவல் 960x540 மட்டுமே. பச்சையை நீக்கும் கருவி நிறத்தை நம்பித்தான் வெட்டுகிறது என்பதால், முடியின் ஓரம் ரம்பப் பல்லாகிறது. 3840x2160இல் எடுத்துப் பாதியாகச் சுருக்கினால், சுருக்கிய படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம் கிடைத்துவிடும். இதற்கு நினைவக அட்டையில் இடம் தவிர வேறு செலவில்லை. துணியை இஸ்திரி போடுங்கள், அதற்குத் தனியாகச் சீரான வெளிச்சம் கொடுங்கள், நடிகரை ஆறடியாவது முன்னே நிறுத்துங்கள். இல்லையென்றால் துணியின் பச்சை அவர் கன்னத்தில் ஏறிவிடும். துணி சட்டகம் முழுவதையும் நிரப்ப வேண்டும் என்று பதினைந்து மீட்டர் வாங்கி வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். நடிகரின் உருவத்தைச் சுற்றிப் பச்சை இருந்தால் போதும். மற்றதைக் கோடு வரைந்து வெட்டி எறிந்துவிடலாம்.

பயிற்சிக்கு நல்ல காட்சித் துண்டு கிடைக்கவில்லை என்று சொல்ல வேண்டாம். பிளெண்டர் அமைப்பு 2012இல் நடிகர்களையும் கணினி உருவங்களையும் கலந்து ஒரு குறும்படம் எடுத்து, அதன் மூலக் காட்சிகளையே எல்லோருக்கும் திறந்து கொடுத்திருக்கிறது.

கடைசியாக, கணக்கு. நொடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்) என்றால் ஐந்து நொடி ஷாட்டுக்கு 120 சட்டங்கள். ஒரு சட்டத்தை ரெண்டர் செய்ய (கணினி அதை முழுப் படமாக்கித் தர) நான்கு நிமிடம் பிடித்தால் எட்டு மணி நேரம், அதாவது மடிக்கணினிக்கு ஓர் இரவு. திரைக்கதையில் பன்னிரண்டு ஷாட் எழுதும்போது பன்னிரண்டு இரவுகளை எழுதுகிறீர்கள், திருத்தங்கள் தனி. ரெண்டரை ஒரே வீடியோ கோப்பாகப் போடாமல் சட்டம் சட்டமாகப் படங்களாகச் சேமியுங்கள். நள்ளிரவில் இயந்திரம் நின்றுபோனாலும், காலையில் 73ஆம் சட்டத்திலிருந்து தொடரலாம்.