தூண்டில் போடும் மட்டி

வணக்கம் நேயர்களே. வட அமெரிக்காவின் பேரேரிகளுக்கு அடியில் நடந்த ஒரு குடியேற்றத்தைப் பற்றி இன்று பேசப்போகிறேன். ஏரி என்றதும் நம்மூர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே அக்கரை தெரியாது, சரக்குக் கப்பலே ஓடும். வினையும் கப்பலில்தான் வந்தது.

சரக்கில்லாத கப்பல் ஆட்டம் காணாமலிருக்க அடித்தொட்டிகளில் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். போய்ச் சேர்ந்த இடத்தில் அதைக் கொட்டிவிட்டுச் சரக்கு ஏற்றும். அப்படிக் கொட்டிய நீரில்தான் ஸீப்ரா மட்டியின் குஞ்சுகள் வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். கருங்கடல், காஸ்பியன் கடல் பக்கம் அதற்குப் பூர்வீகம். 1988இல் செயின்ட் கிளேர் ஏரியில் கண்ணில் பட்டது. விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, ஓட்டில் வரிவரியாகக் கோடு.

அந்த ஊர் மட்டிகள் வேறு ரகம். சேற்றில் பாதி புதைந்தபடி பல பத்தாண்டுகள் வாழ்பவை. அவை பிள்ளை வளர்க்கும் விதம் எனக்கு அலுக்காத சங்கதி. குஞ்சு பிழைக்க வேண்டுமென்றால் ஒரு மீனின் செவுளில் சில வாரம் ஒட்டி வளர வேண்டும். மீனை எப்படி வரவழைப்பது? சில இனங்களில் தாய் மட்டி தன் சதை மடிப்பை ஓட்டுக்கு வெளியே நீட்டி ஆட்டும். பார்த்தால் அசல் சின்ன மீன். கண்போல ஒரு கறுப்புப் புள்ளிகூட இருக்கும். இரை என்று நம்பிப் பெரிய மீன் கவ்வ, குஞ்சுகள் அதன் வாய்க்குள் பாய்ந்துவிடும். அப்புறம் செவுளிலிருந்து உதிர்ந்து சேற்றில் தனிக்குடித்தனம்.

வந்தேறிக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. ஒரு தாய் ஆண்டுக்குப் பத்து லட்சம் முட்டை வரை இடும். குஞ்சுகள் தாமாகவே நீரில் மிதந்து, கெட்டியாக எது அகப்பட்டாலும் நூல் விட்டு ஒட்டிக்கொள்ளும். சேற்றுத் தரையில் கெட்டியாக என்ன இருக்கும்? பழைய மட்டியின் ஓடுதான். ஒன்றின் மேல் நூற்றுக்கணக்கில் ஏறிவிட்டால் அதனால் ஓட்டைச் சரியாகத் திறக்கவோ மூடவோ முடியாது, நகரவும் முடியாது. வாயருகே வரும் பாசியையும் மேலே இருப்பவை முந்திக்கொள்ளும். சில ஆண்டுகளிலேயே செயின்ட் கிளேரின் பெரும்பகுதியிலும் ஈரி ஏரியின் மேற்குப் பக்கத்திலும் ஊர் மட்டிகள் ஏறக்குறைய துடைத்தெடுக்கப்பட்டன. கரையோரத்து ஆழமற்ற சதுப்புகளில் கொஞ்சம் தப்பின.

வளர்ந்த ஸீப்ரா மட்டி ஒன்று நாளைக்குச் சுமார் ஒரு லிட்டர் நீரை வடிகட்டும். கோடிக்கணக்கில் சேர்ந்து வடிகட்டியதில் ஏரி பளிச்சென்று தெளிந்தது. சந்தோஷப்பட்டவர்களும் உண்டு! போனது அழுக்கு மட்டும் இல்லை, மீன் குஞ்சுகளுக்கான தீனியும்தான்.

முழுப் பழியையும் இதன் தலையில் கட்ட நான் தயாரில்லை. அமெரிக்க ஆறுகளில் அணை கட்டி மீன்களை மறித்ததும், சட்டைப் பொத்தான் செய்ய மட்டிகளை டன் கணக்கில் வாரியதும் மனிதர்கள்தான்.

பேரேரிகளுக்கு வரும் கப்பல்கள் நடுக்கடலிலேயே தொட்டி நீரை மாற்ற வேண்டும் என்று 1993இல் கட்டாயமாக்கினார்கள். உலக அளவிலான ஒப்பந்தம் அமலுக்கு வந்தது 2017இல். நம் எண்ணூர், பழவேற்காடு உப்பங்கழிகளில் மீனவர்கள் காக்கா ஆழி என்று திட்டுகிறார்களே, அந்தத் தென் அமெரிக்க மட்டியும் கப்பல் நீரில் வந்திருக்கலாம் என்றே கருதுகிறார்கள். அது தரையெங்கும் அப்பிக்கொண்ட இடத்தில் இறால் புதைய சேறு கிடைப்பதில்லை, மஞ்சள் மட்டியும் கிடைப்பதில்லை.