கூட்டின் விளிம்பில் ஒரு முட்டை

[காட்சி: ஒரு சின்னக் கூடு. உள்ளே ஒரு முட்டை. இன்னொன்று வெளியே, விளிம்பில்.]

விளிம்பில் இருக்கும் முட்டையைப் பாருங்கள். தாய்ப்பறவை அதை அடைகாக்காது. அப்படியே விட்டால் பொரியாது. அந்த இனத்தில் மிச்சம் இருப்பதோ மிகச் சில பறவைகள். நீங்கள் அங்கே நின்றால் என்ன செய்வீர்கள்? ஒரு விரலால் மெதுவாக உள்ளே தள்ளிவிடுவீர்கள்.

1980களில் நியூசிலாந்துக்காரர்களும் அதைத்தான் செய்தார்கள். அந்த விரல் செய்த வேலை என்னவென்று முழுசாகத் தெரியவர 2013 ஆகிவிட்டது.

[காட்சி: வரைபடம். நியூசிலாந்தின் தென் தீவிலிருந்து கிழக்கே நகர்கிறது.]

இடம், நியூசிலாந்துக்குக் கிழக்கே சுமார் 800 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சாத்தம் தீவுகள். பறவையின் பெயர் கறுப்பு ராபின். அலகு முதல் கால் வரை கறுப்பு. நம் சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும்.

பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். இங்கிலாந்துத் தோட்டத்து ராபினுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு கிடையாது. ஆஸ்திரேலியப் பக்கம் குடியேறியவர்கள் மார்பு சிவந்த சின்னப் பறவைகளைப் பார்த்ததும் ஊர் ஞாபகத்தில் ராபின் என்று கூப்பிட்டுவிட்டார்கள். பெயர் அந்தக் குடும்பம் முழுக்க ஒட்டிக்கொண்டது. உண்மையில் இங்கிலாந்து ராபினுக்கு நம் வீட்டுக் கொல்லையில் பாடும் குண்டுக்கரிச்சான்தான் கிட்டத்துச் சொந்தம். இன்னொரு வேடிக்கை: பாடும் பறவைகளின் மொத்தப் பரம்பரையும் ஆஸ்திரேலிய நிலப்பகுதியில் தொடங்கியது என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. நம் காகத்துக்கும் பூர்வீகம் அங்கேதான்!

சரி, கதைக்கு வருவோம். மனிதர்களோடு எலியும் பூனையும் வந்து இறங்கின, காடும் அழிந்தது. கடைசியில் கறுப்பு ராபின்கள் லிட்டில் மங்கேரே என்ற பாறைத் தீவில் மட்டும் ஒடுங்கின. 1976இல் எண்ணியபோது 7 பறவைகள். பக்கத்து மங்கேரே தீவில் 1,20,000 மரக்கன்றுகளை நட்டு, ராபின்களை அங்கே மாற்றினார்கள். அப்படியும் 1980இல் 5தான் மிஞ்சின. அதில் குஞ்சு பொரிக்கும் ஜோடி ஒன்றே ஒன்று.

[காட்சி: காலில் நீல வளையம் போட்ட பறவை.]

பெண் பறவைக்கு நீல வளையம், அதனால் ஓல்டு புளூ. ஆணுக்கு மஞ்சள் வளையம், ஓல்டு எல்லோ. ஓல்டு புளூவுக்கு அப்போதே நல்ல வயது. முட்டையும் வருடத்துக்கு ஒருமுறை, இரண்டுதான்.

நியூசிலாந்து வனவிலங்குத் துறையின் டான் மெர்ட்டனும் அவர் குழுவும் கையாண்ட உத்தி நம் கிராமத்தில் யாருக்கும் புதிதல்ல. முட்டையை எடுத்துவிட்டால் பறவை மறுபடி முட்டையிடும். எடுத்ததை வேறு பறவையிடம் அடைக்கு வைக்கலாம். வாத்து முட்டையைக் கோழியிடம் வைப்பதில்லையா, அதே சங்கதி. முதலில் வார்ப்ளர் என்ற சிறு பறவையிடம் வைத்தார்கள். அது முட்டையைப் பொரித்தது, ஆனால் வளரும் குஞ்சுக்குத் தீனி போட்டு மாளவில்லை. அப்புறம் ரங்கட்டீரா தீவில் இருந்த டாம்டிட் பறவையிடம் போனார்கள். முட்டைகள் படகில், சூடு ஆறாமல் பயணம் செய்தன. இந்த முறை குஞ்சுகள் தேறின.

அதிலும் ஒரு வில்லங்கம். டாம்டிட்டும் ராபினும் ஒரே பேரினம், பெட்ரோய்கா. டாம்டிட் வீட்டிலேயே பெரிதான ராபின் டாம்டிட் பாட்டைப் பாடியது, டாம்டிட்டையே துணையாகத் தேடியது. கலப்புக் குஞ்சுகளும் பிறந்தன. காகத்தின் கூட்டில் வளர்ந்தாலும் குயில் கூவத் தெரிந்துகொள்கிறது. ராபினுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அதனால் பறக்கத் தொடங்கும் முன்பே குஞ்சுகளை ராபின் கூடுகளுக்குத் திருப்பினார்கள்.

எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. இந்த நேரத்தில்தான், 1984இல், ஒரு பெண் பறவை விளிம்பில் முட்டையிட்டது. உள்ளே தள்ளிவிட்டார்கள். குஞ்சு பொரித்தது. அந்தக் குஞ்சின் வாரிசுகளும் விளிம்பில் இட்டன. அவற்றையும் தள்ளிவிட்டார்கள். 1989இல் கணக்குப் பார்த்தால், முட்டையிடும் பெண் பறவைகளில் பாதிக்கு மேல் இந்தப் பழக்கம்!

[காட்சி: வம்சாவளிப் படம். கிளைகள் ஒவ்வொன்றாக நிறம் மாறுகின்றன.]

ஒவ்வொரு பறவைக்கும் வளையம் இருந்ததால் முழு வம்சாவளியும் குறிப்பில் இருந்தது. அதை அலசிய ஆய்வுதான் 2013இல் வெளிவந்தது. பள்ளியில் மெண்டலின் பட்டாணியோடு படித்தோமே, ஓங்கு பண்பு, கிட்டத்தட்ட அப்படியே இது கைமாறியிருக்கிறது. தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ அந்த மரபணுவின் ஒரு பிரதி வந்தால் போதும். ஆண் முட்டையிடுவதில்லை, ஆகவே அதனிடம் இந்தக் குணம் இருந்தாலும் வெளியே தெரியாது. சும்மா விட்டிருந்தால் விளிம்பு முட்டை பொரியாமல் போய், அந்தக் குணம் அதோடு முடிந்திருக்கும். விரல்தான் அதற்கு வாழ்வு கொடுத்தது.

1989க்குப் பிறகு தள்ளிவிடுவதை நிறுத்திவிட்டார்கள். பழக்கம் சரிந்தது, 2011இல் சுமார் 9 சதவீதம். நல்லவேளை, நிறுத்தினார்கள். எல்லாப் பறவைக்கும் அந்தக் குணம் வந்திருந்தால், ஒவ்வொரு வருடமும் மனிதர் போய் முட்டையைத் தள்ளிவிட்டால்தான் இனம் பிழைக்கும் என்றாகியிருக்கும்.

மெர்ட்டன் குழுவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1984இல் அந்த முட்டையை விட்டுவிட்டுப் போக யாருக்குக் கை வரும்? எனக்கு வந்திருக்காது.

இன்னொரு கணக்கு பாக்கியிருக்கிறது. இன்று உயிரோடு இருக்கும் சுமார் 250, 300 கறுப்பு ராபின்களும் அந்த ஒரே ஜோடியின் பிள்ளைகள். டி.என்.ஏ. ரேகைகளை அருகருகே வைத்தால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் காண்பதே கஷ்டம். நூறு வருடம் ஒரு பாறையில் அடைந்து கிடந்த இனம், சொந்தத்துக்குள்ளேயே பெருகிப் பழகியிருக்கும், கெட்ட மரபணுக்கள் ஏற்கெனவே கழிந்துபோயிருக்கும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. 2014இல் வந்த ஓர் ஆய்வு அதை உடைத்தது. உறவு நெருங்க நெருங்கக் குஞ்சுகள் பிழைப்பது குறைகிறது. கெட்ட மரபணுக்கள் கழிந்ததாகத் தெரியவில்லை.

பிட் தீவில் வேலி போட்ட காட்டுக்குள் இன்னொரு கூட்டத்தை உருவாக்கிப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. ஆக ராபின்களின் உலகம் இன்னும் மங்கேரே, ரங்கட்டீரா என்ற இரண்டு தீவுகள்தான். படகில் யார் இறங்கினாலும் பையையும் செருப்பையும் உதறிப் பார்க்கிறார்கள், எலியோ விதையோ ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாதே.