அரைப்பேர்

(குன்னூரில் தன் முதல் இளையோர் நாவலின் அறிமுகக் கூட்டத்தில் நாவலாசிரியர் ஆற்றிய ஏற்புரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். இந்த மழையிலும் கோத்தகிரியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். முன்வரிசையில் சீருடையோடு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துத்தான் பேசப்போகிறேன்; பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் கணக்கில் எனக்கு 31 மதிப்பெண். வீட்டுக்குள் போகப் பயந்து, விறகு அடுக்கிய தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, வந்து பக்கத்தில் அமர்ந்தார். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைக்கூட அவர் இன்னும் அவிழ்க்கவில்லை. விடைத்தாளை வாங்கிப் பார்த்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது, சிவப்பு மை தெரியும். "எனக்கும் முதல் நாள் அரைப்பேர்தான் போட்டார்கள்" என்றார்.

அரைப்பேர் என்றால் இங்கே பாதிப் பேருக்குப் புரியும். பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும்போது அன்றைக்குச் சொன்ன எடை இருந்தால் முழுப்பேர், அதாவது ஒரு நாள் கூலி. குறைந்தால் அரைப்பேர். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், பதினான்கு வயதில், அவர் முதன்முதலாகக் கூடை தூக்கிய நாள் அது. மதியத்துக்கு மேல் மேகம் இறங்கி மலையை மூடியது. பறிக்கும் மட்டம் பார்க்கச் செடிமேல் வைக்கும் மட்டக்கம்பு போட்ட இடமே கண்ணுக்குத் தெரியவில்லை. நிறுத்துப் பார்த்தால் இரண்டு றாத்தல், ஏறக்குறைய ஒரு கிலோ, குறைவு. கணக்கப்பிள்ளை பேரேட்டில் எழுதிய கோடு பாதியில் நின்றதை அவர் பார்த்துக்கொண்டே நின்றாராம்.

அதுவரை அவர் வாயிலிருந்து இலங்கையைப் பற்றி நான் கேட்டது மிகக் குறைவு. தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பலில் வந்தது, மண்டபம் முகாமில் தங்கியது, பிறகு நீலகிரிக்கு ஏறி வந்தது எல்லாமே அவருக்கு ஒற்றை வரிதான்: "வந்தோம், வேலை கொடுத்தார்கள், இருந்தோம்." மீதியை நான் கல்லூரியில்தான் படித்தேன். 1964-இல் இலங்கையும் இந்தியாவும் கையெழுத்திட்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. தமிழக அரசு 1968-இல் இந்த மலையில் தேயிலைத் தோட்டம் போடத் தொடங்கியதே, தாயகம் திரும்பிய இவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். அந்தப் பெரிய எண்ணைப் படித்தபோது எனக்கு எழுதத் தோன்றவில்லை. அம்மாயி சொன்ன இரண்டு றாத்தல்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

இதை ஏன் பெரியவர்களுக்கான நாவலாக எழுதவில்லை என்று பலரும் கேட்கிறார்கள். அன்று விறகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குத்தான் இந்தக் கதை தேவைப்பட்டது, அவளுக்கு வயது பதினைந்து. தமிழில் குழந்தைகளுக்கு எழுதியவர்கள் பெரிய உழைப்பாளிகள். அழ. வள்ளியப்பா 1950-இலேயே குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கிவிட்டார். ஆனால் பேசும் கிளியும் மந்திரவாதியும் அலுத்துப்போகிற வயதில் எங்களுக்கு அடுத்துக் கிடைத்தவை அம்மா படித்துவிட்டு மடித்து வைத்த வார இதழ்த் தொடர்கள்தான். பதின்மூன்றுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் அலமாரி ஏறக்குறைய காலியாகவே இருந்தது. முதலில் கைப்பிரதியைப் பார்த்த ஒரு பதிப்பகத்தில், "இது சிறுவர் நூலா, நாவலா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தக் கேள்வி என்னைக் காயப்படுத்தியது. அந்த வயதுப் பிள்ளைகளுக்கும் நாம் அரைப்பேர்தான் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

எழுதத் தொடங்கியது 2018-இல். அந்த ஆண்டு குறிஞ்சி பூத்தது உங்களுக்கு நினைவிருக்கும். சரிவு முழுக்க நீலம். 2006-இல் பூத்தபோது நான் பள்ளிப் பெண். இப்போது வேலைக்குப் போகிறவள். இரண்டு பூப்புக்கு நடுவில்தான் ஒரு பிள்ளை பெரிய மனுஷியாகிறாள் என்று தோன்றியது. அதனால் நாவலின் நாயகி பூங்கொடிக்கு 2018-இல் பதினான்கு வயது வைத்தேன். 2030-இல் குறிஞ்சி மறுபடி பூக்கும்போது அவளுக்கு இருபத்தாறு. அப்போது அவள் இந்த மலையில் இருப்பாளா, திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ போயிருப்பாளா என்பதுதான் கதை.

தொழிற்சாலை அலுவலகத்தில் கணக்கு எழுதுவது என் வேலை. அதனால் அதிகாலை நான்கு மணியிலிருந்து ஐந்தரை வரைதான் எனக்கான நேரம். டிசம்பரில் வெளியே புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். கணப்புச் சட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டால் கால் சுடும், விரல் மட்டும் விறைக்கும். நான்கு வரிக்கு ஒரு முறை பேனாவைக் கீழே வைத்துக் கையைக் கணப்பில் காட்டுவேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வந்தால் அன்று முழுப்பேர் என்று நாட்காட்டியில் கோடு போட்டுக்கொள்வேன்.

முதல் கைப்பிரதியை அக்காள் மகளிடம் கொடுத்தேன். அப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. அலுப்புத் தட்டும் இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு புள்ளி வை என்றேன். ஏழாம் அத்தியாயம் அம்மை போட்டதுபோல் திரும்பி வந்தது. "இங்கே பூங்கொடி பேசவில்லை சித்தி, நீங்கள் பேசுகிறீர்கள்" என்றாள். உண்மைதான். ஒப்பந்தம், கப்பல், முகாம் என்று நான் படித்ததையெல்லாம் பதினான்கு வயதுப் பெண்ணின் வாயில் திணித்திருந்தேன். பதினொரு பக்கங்களை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது இருப்பது ஒரு தகரப் பெட்டியும் அதன் சாவி தொலைந்த கதையும் மட்டும்தான். பிள்ளைகளே, நீங்கள் எழுத உட்காரும்போது உங்களைவிட இரண்டு மூன்று வயது சிறியவர்களிடம் படிக்கக் கொடுங்கள். அவர்கள் மரியாதைக்காகப் பொய் சொல்வதில்லை.

அச்சுக்குப் போவதற்கு முந்தைய வாரம் முழு நாவலையும் அம்மாயிக்கு வாசித்துக் காட்டினேன். ஐந்து இரவுகள் ஆயின. அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. பூங்கொடியின் பாட்டி தராசின் முன்னால் நிற்கும் இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"இரண்டு றாத்தல் என்றா எழுதியிருக்கிறாய்?"

"ஆமாம், நீங்கள் சொன்னதுதானே அம்மாயி."

"அப்போது நீ சின்னப் பிள்ளை, அதனால் குறைத்துச் சொன்னேன். இரண்டு இல்லை, மூன்றரை."

மறுநாள் காலையில் அச்சகத்துக்குப் போன் செய்து அதை மாற்றச் சொன்னேன். 112-ஆம் பக்கத்தில் இருக்கிறது. நன்றி.