டர்போ வண்டியில் பிளைவீலை இளைக்க வைக்கலாமா?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு தம்பி தன் காரை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். 1 லிட்டர், 3 சிலிண்டர், டர்போ பெட்ரோல் வண்டி. கிளட்ச் தேய்ந்து வழுக்க ஆரம்பித்திருந்தது. கையில் ஒரு பெட்டியும் இருந்தது. திறந்தால், சுற்றிலும் ஓட்டை போட்டுக் கடைந்தெடுத்த ஸ்டீல் பிளைவீல். "அண்ணே, கியர்பாக்ஸை எப்படியும் இறக்கத்தானே போறீங்க, இதையும் சேர்த்து மாட்டிடுங்க. வண்டி பறக்கும்னு சொல்றாங்க" என்றார். நான் உடனே தலையாட்டவில்லை. இரண்டு மூன்று முறை உட்கார்ந்து பேசினோம். அப்போது பேசியதைத்தான் இன்று உங்களிடமும் சொல்லப் போகிறேன்.

கிணற்று மேட்டில் பழைய ஆயில் எஞ்சின் ஓடிப் பார்த்தவர்களுக்கு பிளைவீல் என்றால் என்ன என்று சொல்லவே வேண்டாம். இரண்டு பக்கமும் இரண்டடி விட்டத்தில் கனத்த இரும்புச் சக்கரம். ஹேண்டிலைப் போட்டு மூச்சு வாங்கச் சுற்றுவோம். சக்கரம் வேகம் பிடித்ததும் லீவரை விட்டால் 'டக்... டக்...' என்று எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அது ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக். இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் வெடிப்பு. மற்ற மூன்று ஸ்ட்ரோக்கையும் தாண்டவைப்பது அந்தச் சக்கரம் சேர்த்து வைத்திருக்கும் வேகம். குயவர் கோலால் சுற்றிவிட்டுக் கோலைக் கீழே வைத்த பிறகும் திகிரி தொடர்ந்து சுற்றுகிறதே, அதே வேலைதான்.

காரிலும் அதே கதை. 4 சிலிண்டர் எஞ்சினில் அரைச் சுற்றுக்கு ஒரு வெடிப்பு. 3 சிலிண்டரில் மூன்றில் இரண்டு பங்கு சுற்றுக்கு ஒன்று. 800 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 800 சுற்றில், ஐடிலிங் ஓடும்போது தம்பியின் வண்டியில் நொடிக்கு 20 அடி விழுகிறது. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, தளர்ந்து விடாமல் பார்த்துக்கொள்வது பிளைவீல். கிளட்ச் பிளேட் உட்கார இடம் கொடுப்பதும், ஸ்டார்ட்டர் மோட்டார் பிடித்துச் சுழற்ற ரிங் கியரைத் தாங்குவதும் அதுதான்.

சரி, அதை இளைக்க வைத்தால் என்ன கிடைக்கும்? கணக்காகவே பார்த்துவிடலாம். பிளைவீலில் எத்தனை கிலோ குறைத்தோம் என்பதைவிட எங்கே குறைத்தோம் என்பதுதான் பெரிது. நடுவிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் அந்த எடையின் விளைவு நான்கு மடங்கு. அதனால் ஓரத்தில் எடுக்கும் ஒரு கிலோதான் பேசும். சராசரியாக 10 சென்டிமீட்டர் தூரத்தில் 4 கிலோ எடுத்ததாக வைத்துக்கொள்வோம். முதல் கியரில், கியரும் ஃபைனல் டிரைவும் சேர்ந்து டயர் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் ஏறக்குறைய 14 சுற்று சுற்றும். இந்த 14-ஐ 14-ஆல் பெருக்கித்தான் கணக்குப் போட வேண்டும். டயரின் ஆரம் 30 சென்டிமீட்டர் என்றால், முதல் கியரில் வண்டி முடுக்கும்போது கிட்டத்தட்ட 87 கிலோ ஆளை இறக்கிவிட்ட மாதிரி இருக்கும். நல்ல லாபம்தான். ஆனால் ஐந்தாவது கியரில் அந்த 14 வெறும் 3 ஆகிவிடும். அப்போது லாபம் 4 கிலோ. ஒரு சிப்பம் அரிசிகூட இல்லை. நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்டும்போது இது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

ஆக, லாபமெல்லாம் முதல் இரண்டு கியரில்தான். டர்போ வண்டிக்குச் சிக்கலும் அதே முதல் கியரில்தான் வருகிறது.

டர்போவைச் சுற்றுவது எக்ஸாஸ்ட் காற்று. அது சுற்றி எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் திணிக்கும், அந்த அழுத்தம்தான் பூஸ்ட். நியூட்ரலில் 4000 ஆர்பிஎம் வரைக்கும் ஏற்றிப் பாருங்கள், பூஸ்ட் மீட்டர் முள் சும்மா இருக்கும். எஞ்சினுக்கு லோடு விழுந்தால்தான் பூஸ்ட் கட்டும். தம்பியின் வண்டி போன்ற சின்ன டர்போ எஞ்சின்களுக்கு 1700, 1800 ஆர்பிஎம் வாக்கில்தான் முழு இழுவை வரும். அதற்குக் கீழே அது டர்போ இல்லாத 1 லிட்டர் வண்டிக்குச் சமம். கிளட்ச்சை விட்டு வண்டி உருளத் தொடங்கும் அந்த ஒரு நொடியில் நாம் இருப்பது அந்தப் பலவீனமான இடத்தில். அந்த நேரத்தில் கைகொடுப்பது பிளைவீலில் சேர்ந்திருக்கும் சுழற்சிதான். அதையும் பாதியாக்கினால் ஆர்பிஎம் பொத்தென்று விழும், பூஸ்ட் வராது, வண்டி ஆஃப் ஆகிவிடும். ஆஃப் ஆகக்கூடாது என்று ஆக்சிலேட்டரை மிதித்துக் கிளட்ச்சை வழுக்கவிடுவோம்.

இதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். இப்படி மாற்றிய ஒரு வண்டியை வால்பாறை மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்தேன். 40 கொண்டை ஊசி வளைவு. ஒரு வளைவில் எதிரே பஸ் இறங்கிவர, ஏற்றத்திலேயே நிற்க வேண்டியதாகிவிட்டது. ஹேண்ட்பிரேக்கை விட்டுக் கிளட்ச்சைத் தூக்கினால், ஆஃப். மறுபடியும் ஆஃப். மூன்றாவது தடவை 3000 ஆர்பிஎம் வைத்து ஏற்றினேன். வண்டி ஏறியது, கூடவே கருகிய கிளட்ச் வாடையும் ஏறியது. எடை குறைந்த பிளைவீல் சூட்டையும் குறைவாகத்தான் உள்வாங்கும். அதே அளவு வழுக்கலுக்கு அது சீக்கிரம் கொதித்துவிடும். அங்கே சுட்டால் கிளட்ச் பிளேட்டின் ஆயுள்தான் குறையும்.

"கனமான பிளைவீல் இருந்தால் கியர் மாற்றும்போது பூஸ்ட் விழாது" என்று சிலர் சொல்வார்கள். இதில் பாதிதான் உண்மை. கியர் மாற்றக் காலை எடுத்ததுமே எக்ஸாஸ்ட் குறைந்துவிடுகிறது. எந்தப் பிளைவீலாக இருந்தாலும் டர்போ தளரத்தான் செய்யும். கிளட்ச்சை விட்ட பிறகு எஞ்சின் எந்த ஆர்பிஎம்மில் நிற்கும் என்பதை முடிவு செய்வது கியர் விகிதம், பிளைவீல் இல்லை. ஆனால் நிதானமாக மாற்றுகிறவர்களுக்கு வேறொன்று நடக்கும். லேசான பிளைவீலில் ஆர்பிஎம் தேவைக்கும் கீழே போய்விடும், கிளட்ச் அதை மேலே இழுக்கும், வண்டி ஒரு குலுக்கு குலுக்கும். கை வேகமாக இருந்தால் இதே குணம் வரப்பிரசாதம். அதனால்தான் பந்தய ஓட்டுநர்களுக்கு அது பிடிக்கிறது.

இன்னொன்று. இந்தக் கால வண்டிகளில் கம்ப்யூட்டர், கிராங்க் சுழற்சி சீராக இருக்கிறதா என்று பார்த்துத்தான் எந்த சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று கண்டுபிடிக்கிறது. பிளைவீல் லேசானால் நல்ல எஞ்சினிலும் சுழற்சி கொஞ்சம் அதிகமாக ஆடும். சில வண்டிகளில் காரணமே இல்லாமல் செக் எஞ்சின் விளக்கு எரியத் தொடங்கும். டூயல் மாஸ் பிளைவீல், அதாவது உள்ளே ஸ்பிரிங் வைத்த இரட்டைச் சக்கரம், இருக்கும் டீசல் வண்டியில் அதை எடுத்துவிட்டு ஒற்றைச் சக்கரம் போட்டால் ஐடிலிங்கில் கியர்பாக்ஸ் கடகடவென்று அடிக்கும்.

இப்போது சொல்லப்போவதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். காசு மிச்சம் என்று கம்பெனியில் வந்த வார்ப்பிரும்புப் பிளைவீலையே லேத்தில் கொடுத்து மெலிதாகக் கடைந்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். 28 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிளைவீலின் ஓரம், 7000 ஆர்பிஎம்மில் மணிக்கு 370 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அங்கே இருக்கும் ஒவ்வொரு கிராமும் ஏழரைக் கிலோ போல வெளியே இழுக்கிறது. வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்குவதில் பலவீனம். கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் போதும். வெடித்தால் கியர்பாக்ஸ் கூட்டைக் கிழித்துக்கொண்டு வரும். அது இருப்பது உங்கள் காலுக்கு ஒரு முழ தூரத்தில். நேர்கோட்டில் சீறிப் பாயும் 'டிராக்' (drag) ரேஸில் சான்று பெற்ற பிளைவீலும், அதைச் சுற்றித் தடித்த ஸ்டீல் கவசமும் கேட்பது இதற்காகத்தான். எடை குறைந்தது வேண்டுமென்றால் அதற்கென்றே ஸ்டீலில் செய்து பாலன்ஸ் பார்த்ததை வாங்குங்கள்.

யாருக்கு மாட்டலாம்? டிராக்கிலோ ஆட்டோகிராஸிலோ ஓட்டுகிறவருக்கு, எஞ்சினை எப்போதும் 3500-க்கு மேலேயே வைத்திருப்பவருக்கு, தாராளமாக. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, சிக்னலுக்கு சிக்னல் நின்று போகிறவருக்கு வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன். அவருடையது தினசரி ஓட்டம், வருடத்துக்கு இரண்டு தடவை டிராக். யோசித்துவிட்டு, பழைய பிளைவீலையே வைத்துக்கொள்ளலாம் என்றார். அந்தப் பிளைவீலின் முகத்தில் சூட்டால் நீலம் பாய்ந்த இடங்கள் இருந்தன. விரிசல் சோதித்து, கிளட்ச் உட்காரும் முகத்தை மட்டும் கம்பெனி சொன்ன அளவுக்குள் கிரைண்டிங் செய்தோம். புது கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் போட்டோம். கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீலில் லேசாகக் கசிவு இருந்தது, அதையும் மாற்றினோம். பிளைவீல் போல்ட்டுகள் எல்லாம் புதிது. அவை ஒரு தடவை இழுத்து முறுக்கிய பிறகு நீண்டுவிடும் ரகம், கழற்றினால் மறுபடி போடக்கூடாது. உங்கள் மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கும் அன்று, புது போல்ட் வாங்கியாச்சா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வணக்கம்.