குவாட்டர், கூட்டம், பைக் சாவி: கொரோனா நேரத்துல பார் ஏன் மூடினாங்க?

வணக்கம் மக்களே. இந்த வீடியோ குடிக்கிறவங்கள திட்டறதுக்கு இல்ல, அதுக்கு அவங்கவங்க வீட்லயே ஆள் இருப்பாங்க. ஒரு பெருந்தொற்று வந்தா உலகம் பூரா மொதல்ல ஏன் பாரை மூடுறாங்க, மூடினதுக்கு அப்புறம் அந்த பிரச்சனை எப்படி ரோட்டுக்கு வந்துச்சு, அத மட்டும் பேசுவோம்.

[திரையில: சுண்ணாம்பு வட்டங்கள், அதுக்குள்ள செருப்பு]

2020 மே 7 ஞாபகம் இருக்கா? மார்ச் கடைசில பூட்டின டாஸ்மாக் கிட்டத்தட்ட ஒன்றரை மாசம் கழிச்சு அன்னைக்குத்தான் திறந்துச்சு, சென்னைல மட்டும் திறக்கல. வயசு வாரியா டைம் டேபிள் வேற, 50 தாண்டினவங்க காலைல 10 மணில இருந்து 1 மணி வரைக்கும், 40லேருந்து 50 வரைக்கும் உள்ளவங்க 3 மணி வரைக்கும், அதுக்கு கீழ உள்ள பசங்க 5 மணி வரைக்கும். பள்ளிக்கூடத்துல கூட இப்படி ஒரு ஒழுங்க நான் பாத்ததில்ல. சவுக்கு கட்டை கட்டி, வட்டம் போட்டு, மைக்ல கத்தி என்ன பிரயோஜனம், வட்டத்துக்குள்ள செருப்பும் குடையும் ஹெல்மெட்டும் வரிசையா நின்னுச்சு, செருப்போட ஓனர் எல்லாம் மரத்தடி நிழல்ல ஒண்ணா உக்காந்து கதை பேசிட்டு இருந்தாங்க. ஒரே நாள்ல 170 கோடி ரூபாய்க்கு மேல வித்துச்சு. மறுநாளே, மே 8, இடைவெளி எதையும் யாரும் மதிக்கலன்னு மெட்ராஸ் ஹைகோர்ட் கடைய மூட சொல்லிடுச்சு, 15ம் தேதி சுப்ரீம் கோர்ட் அதுக்கு தடை போட்டுச்சு, 16ம் தேதி ஷட்டர் மறுபடி மேல ஏறிடுச்சு.

ஆனா கவனிச்சீங்களா, கடை திறந்துச்சு, பார் திறக்கல. வாங்கிட்டு போ, இங்க உக்காந்து குடிக்காத. பாட்டில் அதே பாட்டில்தான், சரக்கு அதே சரக்குதான், அப்புறம் என்ன வித்தியாசம்?

இடம்தான் வித்தியாசம். வைரஸுக்கு என்னென்ன வசதி வேணும்னு ஒரு லிஸ்ட் எழுத சொன்னா, ஒரு பாரை வரைஞ்சு காட்டினா போதும். நாலு பக்கமும் சுவர், ஏசி ஓடுதுன்னு ஜன்னல் மூடியிருக்கும், காத்து உள்ளயே சுத்தும். மாஸ்க் போட்டுக்கிட்டு குடிக்க முடியாது. பாட்டு சத்தத்துல பக்கத்துல இருக்கறவன் பேசறது கேக்காது, அதனால காதுகிட்ட போய் கத்தணும், சாதாரணமா பேசறதவிட கத்தி பேசும்போது வாயில இருந்து வர்ற துளிகள் பல மடங்கு அதிகம். சைடு டிஷ் தட்டு ஒண்ணு, கை நாலு. ஓட்டல்ல அரை மணி நேரத்துல சாப்ட்டு எந்திரிச்சிருவோம், பார்ல உக்காந்தா மூணு மணி நேரம். இது எல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருக்கு, உள்ள போகும்போது ரொம்ப ஜாக்கிரதையா மாஸ்க் போட்டு, சானிடைசர் தடவிட்டு போன அதே மனுஷன், ரெண்டாவது ரவுண்டு முடிஞ்சதும் பக்கத்து டேபிள்காரர 'மச்சான்'னு கட்டிப்பிடிப்பாரு. அவர் கெட்டவர் எல்லாம் இல்ல. சாராயம் மூளைல மொதல்ல கை வைக்கிற இடமே 'இது வேணாம்டா'ன்னு சொல்ற இடம்தான்.

இதுக்கு உலகம் பூரா பாத்த உதாரணம் ஆஸ்திரியால இஷ்கில்னு ஒரு மலை ஊரு. பனிச்சறுக்கு விளையாட ஐரோப்பா பூரா இருந்து ஆளுங்க வருவாங்க, பகல்ல சறுக்கு, சாயங்காலம் பார். அங்க கிட்ஸ்லாக்னு ஒரு பார், உள்ள நெருக்கியடிச்சு நிப்பாங்க. 2020 மார்ச் 7ம் தேதி அந்த பார்ல வேலை பாத்த ஒருத்தருக்கு கொரோனான்னு தெரிஞ்சுது. இதுல கொடுமை என்னன்னா, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே ஐஸ்லாந்து நாடு, எங்க ஆளுங்க அந்த ஊருக்கு போயிட்டு வந்துதான் தொத்தோட வந்திருக்காங்கன்னு இஷ்கில்ல ஆபத்தான ஊருன்னு அறிவிச்சிருந்துச்சு. சீசன் நேரம், வியாபாரம் நல்லா ஓடுது, யாருக்கு மூட மனசு வரும்? 13ம் தேதிதான் பள்ளத்தாக்கையே சீல் வச்சாங்க, அதுக்குள்ள சுற்றுலா வந்தவங்க கிளம்பி அவங்கவங்க நாட்டுக்கு கொண்டு போயிட்டாங்க. ஏப்ரல்ல இன்ஸ்ப்ரூக் மருத்துவ பல்கலைக்கழகம் அந்த ஊர் மக்களோட ரத்தத்த சோதிச்சு பாத்தப்போ 42.4 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி, அதாவது தொத்து வந்து போனதுக்கான அடையாளம், இருந்துச்சு. பாதி ஊருன்னே வச்சுக்கோங்க.

அடுத்தது தென்கொரியா, சியோல்ல இதேவோன் ஏரியா. மே மாச ஆரம்பத்துல ஒரு லீவு ராத்திரி, 29 வயசு பையன் ஒருத்தர் நாலஞ்சு கிளப்புக்கு போயிட்டு வந்தாரு, அந்த ஏரியா கிளப்கள்ல ஆரம்பிச்ச சங்கிலி 200 பேருக்கு மேல போச்சு. மே 9ம் தேதி சியோல் மேயர் 2,100க்கும் மேற்பட்ட கிளப், பார் எல்லாத்தையும் மூட சொன்னாரு. அங்க வாசல்ல நோட்டு வச்சு போன் நம்பர் எழுத சொல்லியிருந்தாங்க, நிறைய பேர் பொய் நம்பர் எழுதிட்டு போயிருந்தாங்க. பேரு வெளிய வந்தா அசிங்கம்னு பயம். அப்புறம் பேரே சொல்லாம டெஸ்ட் எடுத்துக்கலாம்னு மாத்தினப்புறம்தான் ஆளுங்க தைரியமா வந்தாங்க. இத நான் ஏன் சொல்றேன்னா, குடிக்க போனவன கேவலப்படுத்தினா அவன் குடிய நிறுத்த மாட்டான், உண்மைய சொல்றத நிறுத்திருவான்.

சரி, பாரை மூடியாச்சு. முடிஞ்சுதா? இங்கதான் ரெண்டாவது பாதி ஆரம்பிக்குது.

[திரையில: ராத்திரி, காலி ஹைவே]

நம்ம ஊர்ல மே 4ம் தேதியே ஆந்திராவும் கர்நாடகாவும் கடைய திறந்துட்டாங்க, எல்லையோர ஊர்க்காரங்க வண்டிய எடுத்துட்டு அந்த பக்கம் போக ஆரம்பிச்சாங்க, தமிழ்நாடு அரசு கடை திறக்க சொன்ன காரணத்துல இதுவும் ஒண்ணு. அந்த பக்கம் போறவன் கைல பாட்டிலோட மட்டுமா திரும்பி வருவான், வயித்துலயும் கொஞ்சம் போட்டுட்டுதான் வருவான். பார் இல்ல, வீட்ல குடிக்க முடியாது, அப்போ எங்க குடிப்பான்? ஏரிக்கரை, மேம்பாலத்துக்கு அடியில, பைபாஸ் ஓரம், பைக்க ஸ்டாண்ட் போட்டு சீட்டு மேலயே வாட்டர் பாக்கெட்டும் முறுக்கும். பாரா இருந்தா ஆட்டோவாவது வாசல்ல நிக்கும், ஏரிக்கரைக்கு எந்த ஆட்டோ வரும்? வண்டில வந்தவன் வண்டிலதான் போகணும்.

இங்கிலாந்துல இன்னொரு கூத்து. 2020 செப்டம்பர் 24ல இருந்து பப் எல்லாம் ராத்திரி 10 மணிக்கு மூடணும்னு ஆர்டர். நேரத்த குறைச்சா கூட்டம் குறையும்னு கணக்கு. நடந்தது என்ன, இஷ்டத்துக்கு ஒவ்வொருத்தரா கிளம்பிட்டு இருந்தவங்க எல்லாம் 10 மணிக்கு ஒரே நேரத்துல ரோட்டுக்கு வந்தாங்க, பஸ் ஸ்டாப்ல கூட்டம், ரோட்டோரத்துல பாட்டு. கடைசி பத்து நிமிஷத்துல அவசர அவசரமா உள்ள ஊத்தின சரக்கு ரத்தத்துல ஏறவே கொஞ்ச நேரம் எடுக்கும், அதாவது வண்டி ஓட்டிட்டு போற அந்த நேரம்.

போலீஸ் பிடிக்காதான்னு கேப்பீங்க. அங்கயும் ஒரு சிக்கல். குடிச்சிருக்கியான்னு பாக்க மெஷின்ல ஊத சொல்லணும், ஊதினா தொத்து பரவும்னு பயம், நம்ம நாட்டுல பல ஊர் போலீஸ் 2020 மார்ச்ல ஊத சொல்றதையே நிறுத்தி வச்சாங்க. கொரியால ரோட்ட மறிச்சு எல்லாரையும் ஊத வைக்கிற வழக்கமான செக்கிங்க நிறுத்தினப்புறம் குடிபோதை விபத்து ஏறிடுச்சு. அப்புறம் அவங்க யோசிச்சு ஒரு நீளமான குச்சி நுனில சென்சார மாட்டி, ஜன்னல் வழியா டிரைவர் முகத்துக்கு ஒரு அடி தள்ளி காட்டினாங்க, ஊத வேணாம், வண்டிக்குள்ள இருக்கற காத்துல சாராய வாடை இருந்தா பீப் அடிக்கும். நல்ல ஐடியாதான், ஆனா காலம் பாருங்க, கைல சானிடைசர் தடவினவன் எல்லாருக்கும் பீப் அடிச்சுது! சொட்டு கூட குடிக்காதவங்கள எல்லாம் இறக்கி வச்சு மறுபடி டெஸ்ட் பண்ண வேண்டியதா போச்சு.

அமெரிக்கா கணக்கு இன்னும் பயங்கரம். 2020ல வண்டி ஓடின தூரம் 11 சதவீதம் மாதிரி குறைஞ்சுது, எல்லாரும் வீட்ல இருந்தாங்க இல்லையா. அப்போ சாவும் குறையணும்தான? 38,824 பேர் ரோட்ல செத்தாங்க, 2007க்கு அப்புறம் அதுதான் அதிகம். அதுல குடிபோதை டிரைவர் சம்பந்தப்பட்ட சாவு மட்டும் 11,654, முந்தின வருஷத்தவிட 14 சதவீதம் ஜாஸ்தி. ரோடு காலியா இருந்தா ஆக்ஸிலேட்டர் தானா முறுக்க வரும், பிடிக்கவும் ஆள் இல்லன்னா கேக்கவே வேணாம். அந்த நேரம் நம்ம ஊர் ஆஸ்பத்திரி எப்படி இருந்துச்சுன்னும் நினைச்சு பாருங்க. பெட் இல்ல, வெண்டிலேட்டர் இல்ல, 108 வண்டி எல்லாம் வாசல்ல வரிசைல நிக்குது. மண்டை உடைஞ்சு வர்றவருக்கும் அதே ஐசியூ, அதே ஆக்ஸிஜன், அதே நர்ஸ்தான்.

'நான் எல்லாம் ஸ்டெடி ப்ரோ, ஒரு குவாட்டர்தான்' அப்படின்னு கமெண்ட் வரும், தெரியும். வாங்க, ஒரு கணக்கு போடுவோம். குவாட்டர்னா 180 மில்லி, அதுல சுத்தமான ஆல்கஹால் கிட்டத்தட்ட 60 கிராம். 70 கிலோ உள்ள ஆம்பளைக்கு, கொஞ்ச நேரத்துல குடிச்சு முடிச்சா, 100 மில்லி ரத்தத்துல தோராயமா 120 மில்லிகிராம் ஏறும். மோட்டார் வாகன சட்டம் 185வது பிரிவுல அனுமதி எவ்ளோ? 30. நாலு மடங்கு! கட்டிங், அதாவது அதுல பாதி, அடிச்சாலே ரெண்டு மடங்கு. ஈரல் ஒரு மணி நேரத்துக்கு சுமாரா 15 மில்லிகிராம் அளவுக்குத்தான் இறக்கும், அதுக்கு மேல அத அவசரப்படுத்த முடியாது. மோர் குடிச்சாலும் சரி, தலைல தண்ணி ஊத்தினாலும் சரி, எலுமிச்சம்பழத்த கடிச்சாலும் சரி, மீட்டர் அதே ஸ்பீடுதான். 120ல இருந்து 30க்கு வர ஆறு மணி நேரம். ராத்திரி 11 மணிக்கு முடிச்சவர் விடியகாலை 5 மணி வரைக்கும் கேஸ்தான், பால் வாங்க வண்டி எடுத்தாலும் கேஸ்தான். அபராதம் தமிழ்நாட்டுல 2022 அக்டோபர்ல இருந்து 10,000 ரூபாய், குவாட்டர் விலையோட வகுத்து பாத்துக்கோங்க.

இன்னொண்ணு, 60 கிமீ வேகத்துல போற பைக் ஒரு செகண்ட்ல 16 மீட்டருக்கு மேல ஓடிடும். போதைல கண்ணு பாத்து கை பிரேக்க பிடிக்க அரை செகண்ட் லேட் ஆச்சுன்னா எட்டு மீட்டர், ஒரு மினி பஸ் நீளம். பார்ல ஆறடி தள்ளி உக்காருன்னு சொன்னப்போ கணக்கு தப்பினது எந்த மூளையோ அதே மூளைதான் இங்க லாரிக்கு பின்னாடி எவ்ளோ தூரம்னு கணக்கு போடுது.

குடிய விட முடியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. தினமும் குடிச்சவங்க திடீர்னு நிறுத்தினா கை நடுக்கம், வலிப்பு, என்னமோ தெரியற மாதிரி பயம் எல்லாம் வரும், அது திமிர் இல்ல, வியாதி. 2020 ஜூலைல ஆந்திரா பிரகாசம் மாவட்டத்துல குரிச்சேடுல சரக்கு கிடைக்காம சானிடைசர குடிச்சு பத்து பேருக்கு மேல செத்தாங்க. அந்த மாதிரி ஆள் வீட்ல இருந்தா அரசு ஆஸ்பத்திரி மனநல பிரிவுக்கு கூட்டிட்டு போங்க, பூட்டி வைக்காதீங்க.

மத்தவங்களுக்கு, பெருந்தொற்று நேரமோ இல்லையோ, எங்க செட்ல பண்றத சொல்றேன். குடிக்கணும்னா ஒருத்தன் வீட்டு மொட்டை மாடி, காத்தோட்டமா, நாலு பேருக்கு மேல கிடையாது, அவனவனுக்கு தனி டம்ளர், தனி தட்டு. மொத ரவுண்டு ஊத்தறதுக்கு முன்னாடி, ஊத்தினதுக்கு அப்புறம் இல்ல, முன்னாடி, எல்லார் பைக் சாவியும் கீழ அந்த வீட்டு அம்மாகிட்ட போயிரும். அம்மா அத அரிசி டப்பாக்குள்ள போட்டு மூடி வச்சிருவாங்க. ராத்திரி ஒரு மணிக்கு ஒருத்தன் போய் 'அம்மா, நான் ஸ்டெடிதான், சாவி தாங்க'ன்னு கேட்டான். 'அப்படியாப்பா, காலைல இட்லி சாப்ட்டு வாங்கிக்கோ'ன்னு சொல்லிட்டு லைட்ட அணைச்சிட்டாங்க.