நரம்பு வலி மாத்திரையும் ஓபியாய்டும் சேரும்போது

நேயர்களுக்கு வணக்கம். வலியில் பல இரவுகள் புரண்டவர் ஒருநாள் அசந்து தூங்கினால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ‘பாவம், தூங்கட்டும்’ என்று விளக்கை அணைத்துவிட்டு வந்துவிடுவோம். ஆனால், அவர் நரம்பு வலிக்கான மாத்திரையோடு ஓபியாய்டு வகை வலி மருந்தும் எடுத்துக்கொள்பவர் என்றால், அந்தத் தூக்கத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும்.

சர்க்கரை நோயில் வரும் கால் எரிச்சல், அக்கி ஆறிய பிறகும் விடாத வலி போன்றவற்றுக்குத் தருவது காபாபென்டின், ப்ரீகாபாலின். ஓபியாய்டு என்பது ட்ரமடால், கோடீன், மார்பின், ஃபெண்டானில் வகை. இரண்டையும் சேர்த்து எழுதுவது தவறே இல்லை. மார்பினும் காபாபென்டினும் சேர்ந்தால் குறைந்த அளவிலேயே வலி நன்றாகத் தணிகிறது என்று 2005இல் வெளியான ஆய்வு காட்டியது.

சிக்கல் மூச்சில் இருக்கிறது. இரத்தத்தில் கரியமில வாயு கூடினால் மூளைத்தண்டு உடனே மூச்சை வேகப்படுத்தும். ஓபியாய்டு அந்த உணர்வை மழுங்கடிக்கிறது. நரம்பு மாத்திரை தன் பங்குக்கு மயக்கத்தைக் கூட்டுகிறது. அதோடு, மார்பின் குடலின் அசைவை மெதுவாக்குவதால் காபாபென்டின் வழக்கத்தைவிட அதிகமாக உடம்பில் சேர்கிறது. காபாபென்டினும் ப்ரீகாபாலினும் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு, அதிலும் வயதானவர்களுக்கு, வழக்கமான அளவே அதிகமாகிவிடலாம்.

கனடாவின் ஒன்டாரியோவில் செய்த ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. ஓபியாய்டு மட்டும் எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், காபாபென்டினும் சேர்த்து எடுத்தவர்களிடம் ஓபியாய்டால் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருந்தது. 2019 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் இந்த மூச்சுப் பிரச்சினை பற்றி எச்சரித்தது. நுரையீரல் நோய் உள்ளவர்களையும் முதியவர்களையும் அது தனியாகக் குறிப்பிட்டது.

சரி, வீட்டில் எதைக் கவனிப்பது? கூப்பிட்டால் கண்ணைத் திறந்து, பதிலை முடிப்பதற்குள் மறுபடி சொக்கிப்போவது. நாக்குக் குழறுவது, நடை தள்ளாடுவது, இடம் பொருள் தெரியாமல் பேசுவது. தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள். பெரியவர்களுக்குச் சாதாரணமாக 12 முதல் 20 வரை இருக்கும். 10க்குக் கீழே போனாலோ, மூச்சு மேலோட்டமாக இருந்தாலோ, தொண்டையில் களகள சத்தத்தோடு குறட்டை வந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தட்டி எழுப்பப் பாருங்கள், ஆம்புலன்ஸை அழையுங்கள், மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நலோக்சோன் என்ற மாற்று மருந்து ஓபியாய்டை மட்டுமே முறிக்கும். நரம்பு மாத்திரையின் மயக்கத்தை முறிக்காது. அதனால் அது கொடுத்து விழித்துக்கொண்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

சிகிச்சை தொடங்கிய முதல் சில நாட்களிலும், அளவைக் கூட்டிய பிறகும் கூடுதல் கவனம் தேவை. மது கூடவே கூடாது. தூக்க மாத்திரையும், தூக்கம் வரவைக்கும் சளி மருந்துகளும்கூட இதே மயக்கத்தை ஏற்றிவிடும். மலச்சிக்கலும் சேர்ந்து வரும். அதற்கும் மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இதைக் கேட்டுப் பயந்து நாளைக்கே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். திடீரென்று விட்டால் வலி பன்மடங்காகத் திரும்பும், சிலருக்கு வலிப்புகூட வரும். மருத்துவர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை, இரண்டு மருந்தையும் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே எழுதுவதுதான். ஒருவர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியாது. அடுத்த முறை போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் எடுத்துப்போய் மேசையில் வையுங்கள். சிறுநீரகப் பரிசோதனை முடிவு இருந்தால் அதையும் காட்டுங்கள். தூக்கத்தில் மூச்சுத் திணறும் பழக்கம் உண்டென்றால், அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.